கண் இல்லாத இறால்: இந்தியப் பெருங்கடலின் அடியில் நடப்பது நமக்கு ஏன் முக்கியம்?

சனிக்கிழமை காலையில் கிள்ளான் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மீன் கடைகளில் ஐஸ் மேல் இறாலைக் குவித்து வைத்திருப்பார்கள். வெள்ளை இறால், புலி இறால், சில நாள் நீண்ட நீலக் கால்களோடு உடாங் காலா. அம்மாக்கள் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். "கண்ணு கருப்பா பளபளன்னு இருக்கா பாரு. அதுதான் ஃப்ரெஷ் எறா."

அந்தச் சோதனையில் எப்போதுமே தோற்றுப்போகும் ஓர் இறால் இருக்கிறது. உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இருக்காது. வெயில் எட்டாத ஆழத்தில், 360 டிகிரி சூட்டில் கொதிநீர் பீறிடும் பாறைக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. அதன் பெயர் ரிமிகாரிஸ் கைரெயி. இருப்பது நம்ம இந்தியப் பெருங்கடலில்.

இதைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? அந்த இறால் குடியிருக்கும் பாறை செம்பும் துத்தநாகமும் நிறைந்த பாறை. அதே வகைப் பாறைகளைத் தேடி இந்தியா, சீனா, ஜெர்மனி உட்படப் பல நாடுகள் இந்தப் பெருங்கடலில் ஆய்வு உரிமம் வாங்கியிருக்கின்றன. அங்கே சுரங்கம் தோண்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் மேசையில் மலேசியாவுக்கும் ஓர் இருக்கை உண்டு.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

முதலில் ஆழத்தைப் புரிந்துகொள்வோம். போர்ட் கிள்ளானில் இருந்து படகு ஏறினால் வரும் மலாக்கா நீரிணை உண்மையில் ஆழம் குறைந்த கடல். அதன் தென்பகுதியில் பெரும்பாலும் 27 மீட்டர்தான். ஒன்பது மாடி ஃபிளாட் ஒன்றை நிற்க வைத்தால் கூரை தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிடும்.

கண் இல்லாத இறால் வாழும் இடம் சுமார் 2,450 மீட்டர் ஆழம். 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றரை முறை அடுக்கினால்தான் அந்த ஆழம் வரும். அங்கே கட்டைவிரல் நகம் அளவு இடத்தை அழுத்தும் தண்ணீரின் கனம் சுமார் கால் டன். ஒரு மைவி காரின் கால்வாசி எடை உங்கள் நகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பெருங்கடலின் நடுவில், மொரீஷியஸின் ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, மூன்று நிலத்தட்டுகள் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. தட்டுகள் மெல்ல மெல்ல விலகிப்போவதால் கடலுக்கு அடியிலேயே ஒரு மலைத்தொடர் உருவாகி நிற்கிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜப்பானியக் கடல் ஆய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக்கின் கைக்கோ என்ற ஆளில்லா நீர்மூழ்கி அங்கே இறங்கியது. இந்தியப் பெருங்கடலில் முதல் வெந்நீர் ஊற்றையும், அதைச் சுற்றி வாழும் உயிர்க்கூட்டத்தையும் உலகம் பார்த்தது அப்போதுதான். கைக்கோவைச் சுமந்து சென்ற கப்பலின் பெயர் கைரெய். அந்தப் பெயரே ஊற்றுக்கும் வைக்கப்பட்டது. 2002-இல் இறாலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கடலுக்கு அடியில் வெந்நீர் எப்படி?

கே.எல்.லில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். செலாயாங் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி, பூமியின் ஆழத்தில் சூடேறி, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கடலடியில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் செலாயாங்கில் அடியில் எரிமலை கிடையாது. கடல் நடுவே உள்ள மலைத்தொடரிலோ பாறைக்குழம்பு மிக அருகில் இருக்கிறது. பிளவுகளில் இறங்கும் கடல்நீர் 300, 400 டிகிரிக்குச் சூடாகிறது. மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் அதிகம் என்பதால் 360 டிகிரியிலும் அது ஆவியாகப் பொங்குவதில்லை, திரவமாகவே இருக்கிறது.

அந்தச் சூட்டில் தண்ணீர் பாறையைக் கரைக்க ஆரம்பிக்கிறது. இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் ஏற்றிக்கொண்டு மேலே பீறிடுகிறது. வெளியே இருப்பது 2 டிகிரிக் கடல்நீர். கொதிநீர் அதைத் தொட்டதும், கரைந்திருந்த உலோகங்கள் சட்டென்று கறுப்புத் துகள்களாக மாறுகின்றன. பார்ப்பதற்குத் தொழிற்சாலைப் புகை மாதிரியே இருக்கும். அதனால்தான் இவற்றைக் கரும்புகைப் போக்கி என்கிறார்கள். துகள்கள் படியப் படியப் பாறைக் குழாய்கள் வளர்கின்றன. சுரங்க நிறுவனங்கள் கண் வைத்திருப்பது இந்தப் படிவின் மேல்தான்.

வெயில் இல்லாமல் சாப்பாடு எப்படி?

பள்ளியில் படித்த உணவுச் சங்கிலி நினைவிருக்கிறதா? வெயில், செடி, பூச்சி, தவளை, பாம்பு. எல்லாச் சங்கிலியும் வெயிலில்தான் தொடங்கும் என்று படித்தோம். 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் என்ற அமெரிக்க நீர்மூழ்கி முதன்முறையாக ஒரு வெந்நீர் ஊற்றில் உயிர்க்கூட்டத்தைக் கண்டுபிடித்தபோது அந்தப் பாடம் மாறிப்போனது. இருட்டில், சிப்பிகளும் ராட்சதக் குழாய்ப்புழுக்களும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சோறு போட்டது வெயில் இல்லை, பாக்டீரியா.

அழுகிய முட்டை வாடை வரும் ஹைட்ரஜன் சல்பைடு நமக்கு விஷம். இந்த பாக்டீரியாக்களுக்கு அதுதான் எரிபொருள். அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கிடைக்கும் சக்தியில் கார்பனைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. செடி செய்வது ஒளிச்சேர்க்கை என்றால், இது வேதிச்சேர்க்கை. கைரெய் ஊற்றுநீரில் ஹைட்ரஜன் வாயுவும் அதிகம். அதையும் எரிபொருளாக்கும் பாக்டீரியாக்கள் உண்டு.

நம்ம இறால் இங்கே ஒரு படி மேலே போகிறது. பாக்டீரியாவைத் தேடி அலையாமல், தன் தலைக்குள்ளேயே தோட்டம் போட்டு வைத்திருக்கிறது.

இதை நன்றாக ஆராய்ந்திருப்பது அட்லாண்டிக்கில் வாழும் நெருங்கிய உறவான ரிமிகாரிஸ் எக்ஸோகுலாட்டாவில். 1985-இல் கண்டுபிடிக்கப்பட்டு அடுத்த ஆண்டு பெயர் பெற்ற இனம் அது. நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஆனால் ஒரு சதுர மீட்டர் பாறையில் 2,500 வரை மொய்த்துக் கிடக்கும். செவுள் இருக்கும் அறை மற்ற இறால்களைவிட உப்பிப் பெரிதாக இருக்கும். அதன் உட்சுவரிலும் வாயுறுப்புகளிலும் பாக்டீரியாக்கள் பஞ்சுபோல் அடர்ந்து வளர்கின்றன. இறால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: சல்பைடு கலந்த சுடுநீரும் ஆக்சிஜன் கலந்த குளிர்நீரும் கலக்கும் அந்த மெல்லிய இடைவெளியில் நின்று, தண்ணீரைச் செவுளுக்குள் விசிறிக்கொண்டே இருப்பது.

பாக்டீரியா தயாரிக்கும் சத்து இறாலின் உடலுக்குள் எப்படிப் போகிறது? வாய் வழியாக மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. செவுளறையின் தோல் வழியாகவே சத்து நேராக உடலுக்குள் சேர்கிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். ஊற்று இறாலுக்கு இது சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஓட்டோடு சேர்ந்து தோட்டமும் போய்விடும். பிறகு முதலில் இருந்து விதைக்க வேண்டும்.

பக்கத்தில் 360 டிகிரி என்றதும் இறால் அந்தச் சூட்டையே தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 40 டிகிரியைக்கூட அது தாங்காது. 2 டிகிரிக்கும் 360 டிகிரிக்கும் நடுவே, சில அங்குல இடத்தில், தனக்குப் பிடித்த வெதுவெதுப்பைக் கண்டுபிடித்து நிற்கிறது. ஓர் அடி தப்பினால் வெந்துவிடும். ஓர் அடி விலகினால் பட்டினி.

கண் எங்கே போனது?

எக்ஸோகுலாட்டா என்ற லத்தீன் சொல்லுக்கே 'கண் பிடுங்கப்பட்ட' என்பதுதான் பொருள். இறாலுக்கு வழக்கமாக இரண்டு காம்புகளின் நுனியில் கண் இருக்கும். இதற்கு அந்தக் காம்புகளே இல்லை.

ஆனால் சின்டி வான் டோவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நீர்மூழ்கி எடுத்த வீடியோவில் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு இறாலின் முதுகிலும் இரண்டு பளிச்சென்ற பட்டைகள். என்ன அது? வெட்டிப் பார்த்துச் சோதித்ததில், நம் கண்ணில் உள்ள ரொடாப்சின் என்ற ஒளி உணரும் பொருள் அதில் கிடைத்தது. 1989-இல் அவரும் சக ஆய்வாளர்களும் முடிவை வெளியிட்டார்கள். அது கண்தான். முகத்தில் இருந்து முதுகுக்கு இடம் மாறிய கண்.

அந்தக் கண்ணில் லென்ஸ் இல்லை. உருவம் தெரியாது. ஆனால் மிக மங்கலான ஒளியைக்கூட உணரும்.

இருட்டில் எந்த ஒளி? 1988-இல் பசிபிக்கில் ஒரு கரும்புகைப் போக்கிக்கு முன்னால் நீர்மூழ்கியின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, நுண்ணிய கேமராவால் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஊற்றின் வாய் லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் காய்ந்த இரும்பு தணல் விடுமே, அந்த மாதிரி. நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். இறாலின் முதுகுக்கண் அந்தத் தணலைத்தான் உணர்கிறது, எங்கே சாப்பாடு, எங்கே ஆபத்து என்று அதைக்கொண்டு அறிகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

இந்தக் கதையில் ஒரு வருத்தமான பக்கமும் இருக்கிறது. அவ்வளவு நுட்பமான கண்ணுக்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் என்ன கொண்டுபோனார்கள்? நீர்மூழ்கியின் ஃபிளட்லைட். 1999-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அந்த வெளிச்சம் பட்ட இறால்களின் விழித்திரை மீள முடியாதபடி சேதமாவதாக எழுதினார்கள். தெரிந்துகொள்ளப் போனவர்களின் விளக்கே அவற்றின் பார்வையைப் பறித்துவிட்டது. அதனால் இறால்களின் எண்ணிக்கை குறைந்ததாகப் பின்னர் வந்த கணக்கெடுப்பு காட்டவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் பாடம் பாடம்தான். கெடுக்கும் எண்ணமே இல்லாமல், சும்மா பார்க்கப் போனதற்கே இது.

வெயிலோடு உறவே அறுந்துவிட்டதா?

முழுசாக இல்லை. பாக்டீரியா பயன்படுத்தும் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? கடலின் மேற்பரப்பில், வெயிலில், நுண்பாசிகள் உருவாக்கிய ஆக்சிஜன்தான் ஆழம் வரை இறங்குகிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. தாய் இறால் முட்டைகளைத் தன் வயிற்றுக்கடியில் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் ஊற்றை விட்டு வெளியேறித் திறந்த கடலில் மிதந்து போகின்றன. அட்லாண்டிக்கில் பிடித்த இளம் இறால்களின் கொழுப்பைச் சோதித்தபோது, அவை சாப்பிட்டது மேல்கடலில் இருந்து வரும் ஒளிச்சேர்க்கை உணவு என்று தெரிந்தது. அந்த வயதில் அவற்றுக்குச் சாதாரணக் கண் இருக்கிறது. பெரிதாகி ஓர் ஊற்றில் குடியேறும்போதுதான் முகக்கண் போய் முதுகுக்கண் வருகிறது. புழு பட்டாம்பூச்சியாவது மாதிரி, இது தலைகீழாக, வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குப் போகும் மாற்றம்.

அப்படி மிதந்து போய்த்தான் ஓர் ஊற்று அணைந்துபோனாலும் இனம் தப்பிக்கிறது. அட்லாண்டிக் மலைத்தொடரில் 7,000 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இறால்களின் மரபணுவில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் உள்ள ஊற்றுகள் படிக்கல் மாதிரி. ஒரு கல்லை எடுத்துவிட்டால் அடுத்ததற்குத் தாவ முடியுமா என்பதுதான் கேள்வி.

நம்ம சந்தை இறாலுக்கு இது சொந்தமா?

புலி இறாலுக்குத் தூரத்து உறவு. உடாங் காலாவுக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவு. ஊற்று இறாலும் உடாங் காலாவும் காரிடியா என்ற ஒரே பெரும்பிரிவில் வருபவை.

அடுத்த முறை சந்தையில் நீங்களே பார்க்கலாம். உடாங் காலாவின் உடல் வளையங்களில் இரண்டாவது ஓடு, முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் மூடிக்கொண்டிருக்கும். புலி இறாலில் அப்படி இருக்காது. முட்டையும் அப்படித்தான். உடாங் காலா வயிற்றில் கட்டிச் சுமக்கும், புலி இறால் தண்ணீரில் விட்டுவிடும். இந்த இரண்டு விஷயத்திலும் ஊற்று இறால் உடாங் காலா கட்சி.

"சரி, சாப்பிடலாமா?" என்று கேட்கும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். செவுளறை முழுக்க பாக்டீரியாவும் இரும்புத் துருவும். வந்த இடமோ சல்பைடும் உலோகமும் கலந்த தண்ணீர். சம்பலுக்கு கிள்ளான் சந்தை இறாலே போதும்.

தென் சீனக் கடலிலும் உறவினர்கள்

வெந்நீர் ஊற்று மட்டுமே இவற்றின் வீடு இல்லை. குளிர் கசிவு என்று இன்னொன்று உண்டு. கடலடிச் சேற்றில் புதைந்த பழைய உயிரினங்களின் மிச்சம் மீத்தேன் வாயுவாக மாறிக் கசியும் இடம். பெயரில் குளிர் இருந்தாலும் தனியாகக் குளிர்ச்சி ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள கடல்நீரின் அதே சூடுதான். கொதிக்கவில்லை என்பதைச் சொல்ல வைத்த பெயர். இங்கேயும் பாக்டீரியாதான் சமையல்காரர்.

தைவானுக்குத் தென்மேற்கே, தென் சீனக் கடலில், ஃபார்மோசா மேட்டில் சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் இப்படி ஒரு கசிவு இருக்கிறது. அங்கே அல்வினோகாரிஸ் லாங்கிரோஸ்ட்ரிஸ் என்ற இறால், சிப்பிப் படுகைகளுக்கும் வெள்ளை நண்டுகளுக்கும் நடுவே ஓடித் திரிகிறது. இதே இனம் ஜப்பானின் ஒக்கினாவா பள்ளத்தில் வெந்நீர் ஊற்றிலும் வாழ்கிறது. கொதிநீர்ப் பக்கமும் குளிர் கசிவிலும் ஒரே இனம் குடித்தனம் நடத்துவது அபூர்வம். இந்த வகை இறால்கள் தலைக்குள் தோட்டம் போடுவதை மட்டும் நம்பி இருப்பதில்லை. பாக்டீரியாப் படலம், செத்த உயிரினங்களின் மிச்சம் என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கும் ரகம். பெயரில் இருக்கும் 'அல்வின்' நாம் மேலே பார்த்த நீர்மூழ்கிதான்.

வங்காள விரிகுடாவில், ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா கோதாவரிப் படுகையிலும் குளிர் கசிவு உண்டு. கோவாவில் உள்ள இந்திய தேசியக் கடலியல் கழகத்தினர் 2018-இல் சிந்து சாதனா கப்பலில் சென்று, சுமார் 1,750 மீட்டர் ஆழத்தில் மீத்தேனை நம்பி வாழும் சிப்பிகளைக் கண்டெடுத்தார்கள். நம் சபா கடற்பகுதியின் ஆழத்திலும் உறைந்த மீத்தேன் படிவுகள் இருப்பதை எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சென்னையின் பங்கு என்ன?

இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளைத் தேடும் வேலையில் முன்னால் நிற்கும் இடங்களில் ஒன்று சென்னை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், அதாவது நியாட். 2024 டிசம்பரில், நியாட்டும் கோவாவின் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி மூலம் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் புகைந்துகொண்டிருக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்ததாக அறிவித்தன.

மனிதர்களையே கீழே அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. மத்ஸ்யா 6000 என்று பெயர். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. அவர்கள் உட்காரப்போவது 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டேனியம் உருண்டைக்குள். 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நியாட்டின் ராஜு ரமேஷ், பிரான்சின் நாட்டில் நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் 4,000 மீட்டருக்கும் கீழே சென்று பயிற்சி பெற்றார்.

இதெல்லாம் வெறும் அறிவியல் ஆர்வம் இல்லை என்பதை இந்திய அரசே மறைக்கவில்லை. 2021-இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் நோக்கங்களில் கடலடிக் கனிமமும் ஒன்று. திட்டச் செலவு 5 ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய். 2016 செப்டம்பரில், இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சல்பைடு கனிமங்களை ஆராய 15 ஆண்டு ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திட்டது.

அப்படியானால் அந்தக் கடலடி யாருக்குச் சொந்தம்?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பது பாதி பதில். எல்லாருக்கும் சொந்தம் என்பதுதான் சட்டம் சொல்லும் முழுப் பதில்.

நாடுகளின் எல்லைக்கு அப்பால் உள்ள கடலடியை, மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம். அதை நிர்வகிப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1994-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கடலடி ஆணையம். இதுவரை 30-க்கும் மேற்பட்ட ஆய்வு ஒப்பந்தங்களை அது வழங்கியிருக்கிறது. கவனிக்க: இவை ஆராய்வதற்கான அனுமதி. தோண்டி எடுத்து விற்பதற்கான விதிமுறைகள் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையிலேயே இருக்கின்றன.

தோண்டலாம் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மின்சாரக் கார், கைப்பேசி, சூரியசக்தித் தகடு எல்லாவற்றுக்கும் செம்பும் மற்ற உலோகங்களும் வேண்டும். நிலத்தில் சுரங்கம் தோண்டினால் காடு அழிகிறது, மக்கள் இடம் பெயர்கிறார்கள். கடலடியில் யாரும் குடியிருக்கவில்லை. தவிர, எரியும் ஊற்றுகளை விட்டுவிட்டு அணைந்துபோன ஊற்றுகளை மட்டும் எடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் அளவைக் காட்டுகிறார்கள். கைரெய் ஊற்றுப் பகுதி முழுவதும் சேர்த்தாலே ஒரு கால்பந்துத் திடலுக்குள் அடங்கிவிடும். உலகில் எரிந்துகொண்டிருக்கும் எல்லா ஊற்றுகளின் பரப்பும் சேர்ந்து சுமார் 50 சதுர கிலோமீட்டர்தான் இருக்கும் என்று 2018-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கோலாலம்பூர் மட்டுமே 243 சதுர கிலோமீட்டர். அதாவது, உலகின் ஊற்று உயிரினங்கள் அனைத்துக்கும் இருக்கும் வீட்டு நிலம் கே.எல்.லில் ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்தில் அணைந்த ஊற்றைத் தோண்டினாலும் கிளம்பும் சேறு மேகமாகப் பரவும். செவுளில் தோட்டம் வைத்திருக்கும் உயிருக்கு அந்தச் சேறு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இதே கைரெய் ஊற்றில் இறாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக ஒரு நத்தை வாழ்கிறது. காலில் இரும்பு சல்பைடு செதில் அணிந்த நத்தை. 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. ஆழ்கடல் சுரங்க ஆபத்துக்காக அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் உயிரினம் அதுதான். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த மூன்று இடங்களில் இரண்டு, சுரங்க ஆய்வு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளுக்குள் இருந்தன.

பணக்கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. பாப்புவா நியூ கினியின் கடலில், சோல்வாரா 1 என்ற இடத்தில் சுமார் 1,600 மீட்டர் ஆழத்து ஊற்றுப் பகுதியைத் தோண்ட நாட்டிலஸ் மினரல்ஸ் நிறுவனம் 2011-இல் உரிமம் பெற்றது. அந்நாட்டு அரசும் 15 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. வேலை தொடங்காமலேயே 2019-இல் நிறுவனம் திவாலானது. அரசு போட்ட பணமும் போனது.

இப்போது 30-க்கும் மேற்பட்ட நாடுகள், போதுமான அளவு தெரிந்துகொள்ளும் வரை ஆழ்கடல் சுரங்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்கின்றன. இன்னொரு பக்கம், ஆணையத்துக்குக் காத்திருக்காமல் ஆழ்கடல் கனிமங்களை எடுக்க வழி செய்யும் உத்தரவில் 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார்.

மலேசியாவுக்கு இதில் என்ன?

இந்தியப் பெருங்கடலின் அடி எவ்வளவு இருட்டு என்பது மற்ற எந்த நாட்டினரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். 2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமல் போனது. ஆஸ்திரேலியா தலைமையில் 2017 ஜனவரி வரை 120,000 சதுர கிலோமீட்டர் கடலடியை ஒலி அலைகளால் சல்லடை போட்டுத் தேடினார்கள். விமானம் கிடைக்கவில்லை. யாரும் அதுவரை பார்த்திராத மலைகளும் பள்ளங்களும் கிடைத்தன. கைரெய் ஊற்று அந்தத் தேடல் பகுதியில் இருந்து வெகு தூரம். ஆனால் அது ஒரே பெருங்கடல். தேடலுக்கு முன்பு அங்கே நல்ல வரைபடம்கூட இல்லை என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தோம். வரைபடமே இல்லாத இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

சட்டப்படியும் நமக்கு இதில் இடம் உண்டு. மலேசியா 1996-இல் கடல் சட்ட ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாடும் கடலடி ஆணையத்தில் தானாகவே உறுப்பினர். 160-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள அதன் பேரவையில் மலேசியாவுக்கும் ஒரு வாக்கு. கப்பலும் நீர்மூழ்கியும் உள்ள பெரிய நாடுகளுக்கும் அங்கே அதே ஒரு வாக்குதான். அந்த வாக்கு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று பெல்டா நிலமும் நிலச்சரிவும் விவாதமாவது போல இங்கே யாரும் விவாதிப்பதில்லை. விவாதிக்கக் கூடாது என்று இல்லை. விஷயம் நம் காதுக்கே வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை முன்னால் உட்கார்ந்து இறால் பிரட்டல் கேட்கும்போது, கையில் இருக்கும் கைப்பேசியையும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே செம்பு இருக்கிறது. இன்று அது நிலத்தில் இருந்து வந்த செம்பு. உங்கள் அடுத்த கைப்பேசி அல்லது அதற்கு அடுத்ததில் இருக்கும் செம்பு எங்கிருந்து வரலாம், எங்கிருந்து வரக்கூடாது என்பது இந்தச் சில ஆண்டுகளில் கிங்ஸ்டனில் முடிவாகப் போகிறது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் மலேசியா என்ன சொல்லப்போகிறது என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். கேட்க விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கடலடியில் நமக்கும் பங்கு இருக்கிறது, அது போதும்.